நிமிர்த்தி வைத்த விறகு

கார்டிஃப் துறைமுகம்,
1908 ஆகஸ்ட் 4

அன்புத் தங்கை அசெனோருக்கு,

நான் சௌக்கியம். வெங்காயமும் சௌக்கியம். இரண்டில் எதை முதலில் எழுதுவது என்று ஒரு கணம் யோசித்தேன் என்பதை உன் அண்ணியிடம் சொல்லிவிடாதே.

ரோஸ்கோவிலிருந்து புறப்பட்டு சாந்த பார்பா கோயிலைக் கடக்கும்போது வழக்கம்போல் கொடியைத் தாழ்த்திக் கும்பிட்டோம். அதற்கப்புறம் வேல்ஸ் கரை தெரியும் வரைக்கும் நம் வேலையாள் ஈவோன் குமட்டலில் தலையைத் தூக்கவே இல்லை. போன வருஷத்துக் கிடங்கே கிடைத்தது. கூரை ஒரு பக்கம் ஒழுகுகிறது. ஒழுகாத பக்கத்தில் வெங்காயத்தைப் போட்டு, ஒழுகுகிற பக்கத்தில் ஆட்களைப் படுக்கச் சொல்லியிருக்கிறேன். "முதலாளிக்கு எங்க மேல எவ்வளவு பாசம் பாத்தியா" என்று ஈவோன் முணுமுணுக்கிறான். வெங்காயம் நனைந்தால் அழுகிவிடும், இவன் நனைந்தால் தும்முவான், அவ்வளவுதான்.

என் சட்டைகளுக்கு அடியில் நீ வைத்திருந்த பொட்டலத்தைப் பார்த்தேன். மூன்று அத்தியாயம். மேலே "அண்ணன் தனியாகப் படிக்க" என்று எழுதியிருக்கிறாய். தனியாகத்தான் தொடங்கினேன். ஆனால் நான் படித்தால் உதடு அசையும் என்பது உனக்குத் தெரியாதா? கிழவர் பியெல் பார்த்துவிட்டு, "என்னப்பா, ஏதாவது வேண்டுதலா? சத்தமா சொன்னா நாங்களும் சேந்துக்குவோம்ல" என்றார். சரி என்று சத்தமாகப் படித்தேன். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து நாரில் வெங்காயம் கோத்துச் சரம் கட்டிக்கொண்டிருந்த நேரம். மூன்று அத்தியாயமும் முடியும்வரை ஒருவனும் எழுந்திருக்கவில்லை.

யார் எழுதியது என்று சொல்லவில்லை. மொர்லே சந்தையில் கிடைத்தது என்றேன்.

"இது ஏதோ பாதிரியார் எழுதினது" என்றான் ஈவோன்.

"பாதிரியாருக்கு அப்பக் கல்லுல வெண்ணெய் எப்பத் தடவணும்னு தெரியுமாடா?" என்றார் பியெல்.

"அப்ப பாதிரியாரோட சமையக்காரி."

கதை நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அன்றைக்குக் கட்டிய சரம் மற்ற நாளில் கட்டியதைவிட நிறைய. கை தானாக ஓடியது. ஆகவே மிச்சத்தையும் அனுப்பு. அடுத்த சரக்குப் படகில் கொடுத்தால் எனக்கு வந்து சேரும்.

உன் அண்ணன்,
ஓலியேர்


சாந்தெக்,
1908 ஆகஸ்ட் 15

அன்பு அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்தது. சந்தோஷப்பட்டுக்கொண்டே படித்தேன், பாதியில் அடுப்பில் போடலாம் என்று நினைத்தேன். தனியாகப் படி என்று எழுதினால் தனியாகப் படிக்க வேண்டும். ஒரு கிடங்கு நிறைய ஆம்பிளைகளுக்கு நடுவில், அதுவும் சரம் எவ்வளவு ஏறியது என்று கணக்குப் பார்த்துக்கொண்டு. நீ கல்யாணத்தன்று கூட மாமனார் வீட்டுத் தோட்டத்தில் எத்தனை பாத்தி என்று பார்த்தவன், உன்னிடம் வேறென்ன எதிர்பார்ப்பது.

பேரைச் சொல்லாமல் விட்டாயே, அதற்காக மன்னித்தேன். வாரத்தாளில் வருகிற என் சின்னக் கதைகளையே வேறு பேரில்தான் போடுகிறேன். கிணற்றடியில் பெண்கள் அதைப் பற்றிப் பேசும்போது நானும் சேர்ந்து, "யாரோ வேலையத்த ஆள்" என்று சொல்லிவிட்டு வருகிறேன். அந்தச் சுகத்தைக் கெடுத்துவிடாதே.

ஒரு செய்தி. ஜூன் மாதம் நம் கடற்கரையில் ஓய்வெடுக்க வந்தாரே ஒரு பாரிஸ் பதிப்பாளர், அவரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. நம் மொழியில் எழுதிய முதல் மூன்று அத்தியாயங்களையும் நானே பிரெஞ்சில் மாற்றிக் கொடுத்திருந்தேன் இல்லையா, அவருக்குப் பிடித்திருக்கிறதாம். முழுதும் பிரெஞ்சில் கொடுத்தால் வசந்த காலத்தில் அச்சடிப்பாராம். கடிதத்தை நாலு முறை படித்தேன். பசுவுக்குக்கூடப் படித்துக் காட்டினேன்.

இன்னொன்று. நீ புறப்படுவதற்கு முன் வண்டியில் வெங்காயம் ஏற்ற உன் ஆட்கள் வந்தார்களே, அதில் அந்த நெட்டையர் கூல்வென், அவருக்கு என்ன குறை? எல்லாரும் உள்ளே வந்து மேஜையில் உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள். அவர் மட்டும் கிணற்றடியில் நின்றுகொண்டே குடித்தார். போன வருஷமும் அப்படித்தான். அதற்கு முந்தின வருஷமும். கோப்பையைக் கழுவித் திண்டின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறார். நம் வீட்டில் ஏதாவது நாற்றம் வருகிறதா? கேட்டுச் சொல்.

உன் தங்கை,
அசெனோர்

பி.கு: கடற்பாசி வாரும் அத்தியாயம் பற்றிக் கிழவர் பியெல் ஏதாவது சொன்னாரா? அவர் அந்த வேலை செய்தவர்.


கார்டிஃப்,
1908 ஆகஸ்ட் 28

அன்புள்ள தங்கச்சிக்கு,

பியெல் சொன்னார். "அந்த மாதிரி வடக்குக் காத்துல எவனும் பாசி வாரப் போகமாட்டான், போனா பாசி அவனை வாரும்" என்றார். காற்றைத் திருப்பிவிடு. மற்றபடி அவருக்கு உன் கதாநாயகி மஹரீத்தை ரொம்பப் பிடித்திருக்கிறது. "இப்படி ஒரு மருமக கெடச்சிருந்தா எம் மகன் குடிச்சிருக்கமாட்டான்" என்று அழுதுவிட்டார். வெங்காயத்தினால்தான் என்று பிறகு சொன்னார்.

வியாபாரம் பரவாயில்லை. இங்கே உள்ள வீட்டம்மாக்களுக்கு நாங்கள் எல்லாரும் ஒரே ஆள், எல்லாருக்கும் பேர் ஜானி. அவர்கள் பேச்சும் நம் பேச்சும் பாதி ஒன்று என்பதால் கூல்வென் வாசலில் நின்று வேல்ஸ் மொழியிலேயே பேரம் பேசுகிறான். கம்பில் கொண்டுபோன சரம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அப்படிப்பட்டவனிடம் நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன்.

"எங்க வீட்டுக்குள்ள ஏன்டா வரமாட்டேங்குற?"

"நாய்" என்றான்.

அவ்வளவுதான். அதற்கு மேல் வார்த்தைக்கு அவனிடம் பஞ்சம்.

பாரிஸ் ஆளைப் பற்றி. வியாபாரியாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள். வாங்க ஆள் இருந்தால் விற்க வேண்டியதுதான், பாரிஸ் என்ன கார்டிஃப் என்ன. பிரெஞ்சில் வேண்டுமென்றால் பிரெஞ்சில் கொடு. நானும் இங்கே நம் மொழியிலா விலை சொல்கிறேன்? ஆனால் ஒன்று. அடுத்து அவர் என்ன கேட்கிறார் என்று பார். முதலில் சரத்தைக் குட்டையாகக் கட்டு என்பார்கள், பிறகு தோலை உரித்துக் கொடு என்பார்கள், கடைசியில் உருளைக்கிழங்கு இருக்கிறதா என்பார்கள். அந்த இடத்தில் மூட்டையைக் கட்டிவிட வேண்டும்.

அடுத்த அத்தியாயத்தைச் சீக்கிரம் அனுப்பு. ஆட்கள் கேட்டுக் கேட்டு உயிரை வாங்குகிறார்கள்.

ஓலியேர்


சாந்தெக்,
1908 செப்டம்பர் 30

அன்பு அண்ணா,

காற்றைத் திருப்பிவிட்டேன். பியெல் சொன்னது சரி, இப்போது அந்த அத்தியாயம் மூச்சு விடுகிறது. அவருக்கு என் நன்றியைச் சொல்ல முடியாது, சமையற்காரியின் நன்றி என்று சொல்லி வை.

நாயா? எந்த நாய்? நம் வீட்டு நாய் செத்து நாலு வருஷம் ஆகிறது. ஆப்பிள் மரத்தடியில் அதற்குக் குழி வெட்டிக் கொடுத்ததே அந்தக் கூல்வென்தான். குழி வெட்டி, புதைத்து, மேலே கல்லும் வைத்துவிட்டு, காபியைக் கிணற்றடியில் நின்று குடித்துவிட்டுப் போனார். நல்ல பயம்.

இத்துடன் நாலாவது அத்தியாயம் அனுப்பியிருக்கிறேன். தையற்காரர் வழக்கப்படி ஒருவனுக்காகப் பெண் கேட்டுத் தூது வரும் இடம். இதைப் பிரெஞ்சில் மாற்றிப் பாரிசுக்கும் அனுப்பினேன். பதில் வந்துவிட்டது. நீ சொன்ன உருளைக்கிழங்கு வந்துவிட்டது அண்ணா. அவர் எழுதுகிறார்: "தையற்காரர் கதவைத் திறக்கிறார், கணப்பைப் பார்க்கிறார், ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுகிறார். ஏன்? வாசகருக்குப் புரியாது." நம் பக்கத்தில் பெண் கேட்டு வருகிறவன் கண்ணில் படும்படி விறகைக் கணப்பில் நிமிர்த்தி வைத்தால் 'வேண்டாம், வந்த வழியே போ' என்று அர்த்தம் என்பதும், அதற்குப் பிறகு அவன் உட்காரக்கூட மாட்டான் என்பதும், பால் மறக்காத பிள்ளைக்கும் தெரியும். அவருக்கு அது வெறும் விறகு. சரி, விளக்கி ஒரு வரி சேர்க்கலாம். அது பெரிதில்லை.

ஆனால் முடிவையும் அவரே சொல்லிவிட்டார். தையற்காரரை அனுப்பிய இளைஞன் மனம் உடைந்து கப்பலேறிக் கடலில் மூழ்க வேண்டுமாம். மஹரீத் கரையில் நின்று பார்க்க வேண்டுமாம். "உங்கள் பிரெத்தாஞ் சீமை என்றால் பாரிசில் எல்லாரும் கடல், மூடுபனி, சாவு எதிர்பார்ப்பார்கள்" என்கிறார். கிறிஸ்துமஸுக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும்.

மறுத்து எழுதலாம். ஆனால் அதற்குப் பதிலாக என்ன முடிவு வைப்பேன்? என்னிடம் வேறு முடிவு இல்லை. அதுதான் கஷ்டம்.

அசெனோர்


கார்டிஃப்,
1908 அக்டோபர் 19

தங்கச்சி,

உன் அத்தியாயத்தினால் இங்கே நடந்ததைச் சொல்கிறேன். வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கே இன்னும் சரியாகப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்து வந்து உட்கார்ந்தோம். நான் படித்தேன். குளிர்காலம், மஹரீத்தின் அப்பா படுக்கையில், அவள் கணப்புப் பக்கத்தில். கதவு திறக்கிறது. தையற்காரர், பெண் கேட்கும் தூதுக்காரர் கோலத்தில்: கையில் மரக் கொம்பு, ஒரு காலில் சிவப்புக் காலுறை, ஒரு காலில் வெள்ளைக் காலுறை. கணப்பில் இரண்டு விறகு நிமிர்ந்து நிற்கிறது.

"போச்சு" என்றான் ஈவோன். "திமிரு பிடிச்சவ. வேண்டாம்னுட்டா."

"நீ சும்மா இரு, உனக்கெல்லாம் எந்த வீட்டுலயும் விறகு நிக்கத்தான் செய்யும்" என்றார் பியெல்.

பக்கத்தைப் புரட்டினேன். அவள் விறகை நிமிர்த்தியது அதற்கில்லை. அவளுக்குக் கதை எழுதும் பழக்கம். விறகு படுத்திருந்தால் தணல்தான் வருகிறது, நிமிர்த்தினால் சுடர் எழுகிறது. காகிதத்தில் வெளிச்சம் விழ வேண்டும் என்று நிமிர்த்தியிருக்கிறாள். வீட்டில் இருக்கும் மெழுகுவர்த்தியை அவள் அப்பா மாட்டுக்கொட்டகைக்கென்று பூட்டி வைத்திருக்கிறார். தையற்காரர் போன பிறகுதான் அவர் எதைப் பார்த்தார் என்பதே அவளுக்கு உறைக்கிறது.

அசெனோர், கிடங்கில் சண்டையே வந்துவிட்டது.

"ஓடிப்போய்க் கூப்பிட வேண்டியதுதானே."

"பொண்ணு ஓடுவாளாடா தூதுக்காரன் பின்னாடி? ஊரு சிரிக்கும்."

"அப்ப யாரு அனுப்பினான்னாவது தெரியணும்ல."

"எப்படித் தெரியும்? விறகு நின்னா, அனுப்பினவன் பேரைத் தூதுக்காரன் வெளிய விடக்கூடாது. சவக்குழி வரைக்கும் அவனோடயே போகணும். அதான் முறை."

"அப்ப அந்தப் பையன் தன்னை வேண்டாம்னுட்டான்னு நெனச்சிட்டு இருப்பான். அவளோ அவன் யாருன்னே தெரியாம இருப்பா. என்ன கதைங்க முதலாளி இது? அடுத்ததைப் படிங்க."

"அடுத்தது இன்னும் வரலை" என்றேன். என்னைத்தான் அடிப்பார்கள் போல இருந்தது.

இந்த அமளியில் ஒருவன் வேலையைக் கோட்டைவிட்டான். கூல்வென். அவன் கையிலிருந்த சரம் அவிழ்ந்து வெங்காயம் தரையில் உருண்டது. இத்தனை வருஷத்தில் அவன் கட்டிய சரம் அவிழ்ந்து நான் பார்த்ததில்லை. குனிந்து பொறுக்கவும் இல்லை. மறுநாள் கம்பைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தாக்குப் பக்கம் போனவன் சாயங்காலம் அத்தனை சரத்தோடும் திரும்பி வந்தான். "என்னடா?" என்றேன். "கதவைத் தட்ட மறந்துட்டேன்" என்றான். காய்ச்சலாக இருக்கும் என்று ரொட்டியும் சூடான சூப்பும் கொடுத்தேன்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன், நேராகவே கேட்கிறேன். மஹரீத் வீட்டுக் கணப்பில் இடது பக்கக் கல்லில் கோழிக்கால் மாதிரி விரிசல் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கல்லை உடைத்தது நான், எட்டு வயதில், அப்பாவின் சம்மட்டியால். மெழுகுவர்த்தியைப் பூட்டி வைத்தவரும் எனக்குத் தெரிந்தவர்தான். இது கதையா?

ஓலியேர்


சாந்தெக்,
1908 நவம்பர் 3

அன்பு அண்ணனுக்கு,

நேற்று இறந்தோர் திருநாள். அப்பா அம்மா கல்லறையில் பூ வைத்துவிட்டு, தையற்காரர் லாவின் கல்லறைக்கும் போனேன். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செத்திருக்கலாம் மனுஷன் என்று கொஞ்ச நேரம் திட்டினேன். பிறகு அவருக்கும் ஒரு ஜெபம் சொன்னேன். அவர் முறைப்படி நடந்தார், அவ்வளவுதானே.

ஆமாம் அண்ணா, கதை இல்லை. அப்பா படுத்திருந்த குளிர்காலம். நீ கன்றுகளோடு சந்தைக்குப் போயிருந்தாய். வாரத்தாளுக்கு என் முதல் கதையை எழுதிக்கொண்டிருந்தேன். நல்ல இடம், வாக்கியம் ஓடிக்கொண்டிருந்தது, வெளிச்சம் போதவில்லை. விறகை நிமிர்த்தினேன். கதவு திறந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை, குளிர் காற்று காகிதத்தைத் தூக்கியபோதுதான் தலை நிமிர்ந்தேன். லாவ் நிற்கிறார். அவர் என்னைப் பார்க்கவில்லை. கணப்பைப் பார்த்தார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, "கடவுள் காக்கட்டும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். எனக்கு இருபத்து நாலு வயது. அவர் கொம்பு வைத்திருந்தாரே என்று யோசித்து முடிப்பதற்குள் செருப்புச் சத்தம் தெருமுனைக்குப் போய்விட்டது.

அன்றைக்கு உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே. என்ன சொல்வது? யாரோ என்னைக் கேட்டார்கள், நான் எழுதிக்கொண்டிருந்தேன் என்றா? அந்தக் கதையை முடித்து அனுப்பினேன். அச்சில் வந்தது. அப்போதிருந்து விடாமல் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர்களின் பிடரியைப் பார்த்திருக்கிறேன். இவனா, அவனா என்று. அதில் பாதிப் பேருடைய பிள்ளைகள் இப்போது முதல் நற்கருணை வாங்குகிறார்கள். இந்தப் புத்தகத்தை எழுதத் தொடங்கியதே, எழுதி முடிக்கும்போதாவது அது யார் என்று எனக்கே தெரிந்துவிடும் என்ற நப்பாசையில்தான். தெரியவில்லை. அதனால்தான் முடிவு வரவில்லை.

யோசித்துப் பார்த்தேன். பாரிஸ்காரர் சொல்வதில் என்ன தப்பு? பதினோரு வருஷமாக இல்லாத ஆள், மூழ்கினால் என்ன? ஒரு அலை, மூடுபனி, கரையில் ஒரு பெண், புத்தகம் முடிந்தது. நானும் முடித்துவிட்டு வேறு வேலை பார்ப்பேன். சம்மதம் என்று இந்த வாரம் எழுதி அனுப்பிவிடுகிறேன். உன் ஆட்களிடம் சொல்லிவிடு, பையன் மூழ்கிவிட்டான் என்று.

குளிர் தொடங்கிவிட்டது. நீ கம்பளிச் சட்டையைக் கழற்றாதே.

அசெனோர்


தந்தி
கார்டிஃப், 1908 நவம்பர் 7

மூழ்கடிக்காதே. கடிதம் பின்னால். ஓலியேர்.


கார்டிஃப்,
1908 நவம்பர் 7

அன்புள்ள தங்கச்சி,

வாழ்க்கையில் தந்தி கொடுத்ததே இல்லை நான். வெங்காயம் முளைவிட்ட வருஷம்கூடக் கடிதம்தான் போட்டேன். தந்தி ஆபீஸ்காரன் அர்த்தம் கேட்டான், சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "யாரை?" என்றான். "இன்னும் தெரியாது, எங்க தங்கச்சியோட மாப்பிள்ளையா இருக்கலாம்" என்றேன். போலீசைக் கூப்பிடலாமா என்று அவன் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன்.

உன் கடிதம் காலையில் வந்தது. படித்தேன். நாய், கிணற்றடி, அவிழ்ந்த சரம், தட்டாத கதவு எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வருஷக் கணக்காகச் சரக்கைப் பார்த்தே தரம் சொல்கிறவன், கூடவே ஒரே சட்டியில் சாப்பிடுகிறவனைப் பார்க்கவில்லை பார்.

மற்றவர்கள் விற்கப் போனதும் அந்த ஆளை மட்டும் நிறுத்தி வைத்தேன். பேரை எழுதமாட்டேன். முறை என்று ஒன்று இருக்கிறது, தூதுக்காரர் மறைத்ததை நான் காகிதத்தில் போடக்கூடாது. 'அவன்' என்றே எழுதுகிறேன், உனக்குப் புத்தி இருக்கிறது.

"நாய்க்குப் பயம்னியே, அந்த நாய்க்குக் குழி வெட்டினதே நீதானே?" என்றேன்.

நார் கிழித்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "வேற நாய் வாங்கியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"லாவை எங்க வீட்டுக்கு அனுப்பினது நீயா?"

கையிலிருந்த நாரைக் கீழே வைத்துவிட்டு, "முதலாளி, அந்த அத்தியாயம் இருக்கா? அந்த வெளிச்சம் வர்ற இடம். அத மட்டும் படிங்க" என்றான்.

படித்தேன்.

"இன்னொரு தடவை."

இன்னொரு தடவை படித்தேன்.

"அந்தப் பாதிரியாருக்கு இது எப்படித் தெரியும்?"

"பாதிரியாரும் இல்லை, சமையக்காரியும் இல்லைடா. எழுதினதே அவதான். இன்னிக்கு வரைக்கும் அவளுக்கு யாரு அனுப்பினான்னு தெரியாது. விறகை நிமிர்த்தினது வெளிச்சத்துக்கு."

"வெளிச்சத்துக்கா."

"வெளிச்சத்துக்குத்தான்."

அப்படியே உட்கார்ந்துவிட்டான். எதன் மேல் உட்கார்ந்தான் தெரியுமா? காயப் போட்டிருந்த முதல் ரக வெங்காயத்தின் மேல். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விஷயம் எவ்வளவு பெரியது என்று அதிலிருந்தே தெரிந்துகொள்.

அப்புறம் கேட்டேன், வியாபாரி இல்லையா, எல்லாவற்றையும் கேட்டுவிட வேண்டும். "வேற இடத்துல பாக்கவே இல்லையாடா?"

"பாத்தேன். அம்மா சொன்னாங்கன்னு மூணு நாலு வீட்டுக்குத் தூது அனுப்பினோம். எல்லா வீட்டுலயும் விறகு படுத்துதான் கெடந்துச்சாம். எனக்குத்தான் அதுக்கப்புறம் அங்க போகப் புடிக்கலை."

"அப்ப எங்க வீட்டுக்குள்ள?"

"உள்ள வந்தா கணப்பைப் பாக்கணும். திரும்பவும் நிமிந்து நின்னுச்சுன்னா? வெளிய நின்னாக் காபியாவது கெடைக்குது."

அசெனோர், நான் உனக்குப் புத்தி சொல்லவில்லை. அவனுக்கு நாற்பது வயது. முன்பக்கம் ஒரு பல் இல்லை. நிலம் கொஞ்சம்தான், அம்மா காது கேட்காதவள், ஆனால் நல்லவள். அவன் குடிப்பது ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் மது, அதுவும் அளவோடு. சரம் கட்டுவதில் அவனுக்கு நிகர் இல்லை. அவனை விட்டால் எனக்கு நஷ்டம், உனக்குக் கொடுத்தாலும் எனக்கு நஷ்டம், ஏனென்றால் பிறகு அவன் உன் மேஜையில் உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டே இருப்பான். குறையையும் நிறையையும் சொல்லிவிட்டேன். இனி வாங்குகிறவள் நீ.

ஒன்று மட்டும் உறுதி. உன் புத்தகத்தில் அவனை மூழ்கடிக்க முடியாது. உயிரோடு இருக்கிறான். இன்று மத்தியானம் மூன்று தட்டு சூப் குடித்தான்.

கிறிஸ்துமஸுக்கு முன் படகு வந்து சேரும். லாவ் போய்விட்டார், ஊரில் வேறு தூதுக்காரன் இல்லை. அதனால் நானே வருகிறேன். பியெல் ஒரு கொம்பு வெட்டித் தருகிறேன் என்கிறார். சிவப்புக் காலுறை இங்கே வாங்கிவிட்டேன், வெள்ளை இருக்கிறது. ஐம்பது வயதை நெருங்குகிற மொத்த வியாபாரி, இரண்டு நிறக் காலுறையோடு சொந்தத் தங்கை வீட்டுக் கதவைத் தட்டப் போகிறேன். உன் அண்ணி பார்த்துவிட்டால் எனக்குக் காலமெல்லாம் நிம்மதி இல்லை.

அன்றைக்குக் கணப்பு எப்படி இருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அது உன் வீட்டுக் கணப்பு.

ஓலியேர்


சாந்தெக்,
1908 நவம்பர் 18

என் அன்பு அண்ணனுக்கு,

உன் தந்தியைக் கொண்டுவந்த தபால்காரர், நான் பாரிசுக்கு எழுதி வைத்திருந்த சம்மதக் கடிதத்தை வாங்கிப்போகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். தந்தியைப் படித்துவிட்டு, கடிதத்தைத் திரும்ப மேஜையில் வைத்தேன். "ஏதாவது கெட்ட செய்தியா?" என்றார். "தெரியலை, யாரையோ மூழ்கடிக்க வேண்டாமாம்" என்றேன். இதற்குள் சாந்தெக் முழுக்கத் தெரிந்திருக்கும்.

பிறகு உன் கடிதம் வந்தது. படித்ததும் எழுந்துபோய்க் கிணற்றடியில் நின்றேன். திண்டின் மேல் கோப்பை வைக்கிற இடத்தில் வட்டமாக ஒரு தடம் இருக்கிறது அண்ணா. பல வருஷமாக ஒரே இடத்தில் வைத்தால்தான் அப்படி விழும். நான் தினமும் அங்கேதான் தண்ணீர் இறைக்கிறேன். எல்லாருடைய வீட்டையும் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. இருக்கட்டும்.

பாரிசுக்கு வேறு கடிதம் எழுதிவிட்டேன். மூழ்கமாட்டார், அந்த முடிவோடு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று. எடுக்காவிட்டால் போகட்டும். வாரத்தாளில் நம் மொழியிலேயே தொடராகப் போடுகிறேன் என்கிறார்கள். ஈவோனுக்கு ஒவ்வொரு வாரமும் காத்திருக்கிற தண்டனை.

கடைசி அத்தியாயத்தை இன்னும் எழுதவில்லை. அதில் என்ன பேசிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் வந்து சேருங்கள்.

நீ காலுறை போட்டுக்கொண்டு வா, நான் சிரிக்கமாட்டேன், சிரித்தாலும் அண்ணியிடம் சொல்லமாட்டேன். கொம்பைக் கதவுக்கு வெளியே வைத்துவிடாதே, உள்ளே கொண்டுவா. அவரும் கூடவே வரட்டும். தூதுக்காரரோடு மாப்பிள்ளை வருவது முறையில்லைதான், ஆனால் முறைப்படி ஒரு தடவை நடந்து பார்த்தாயிற்று. அன்று லாவ் கணப்பைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. இந்த முறை வருகிறவர் முதலில் என்னைப் பார்க்க வேண்டும். பல் இல்லாதது பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல், நான் கண்ணாடி போடத் தொடங்கிவிட்டேன்.

அப்பத்துக்குக் கறுப்புக் கோதுமை மாவு கரைத்து வைத்திருப்பேன். விறகு படுத்தே கிடக்கும். ஆனால் இதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, பிறகு ஏமாற்றிவிட்டேன் என்று இருக்கக்கூடாது: வருகிறபோது நான் எழுதிக்கொண்டுதான் இருப்பேன், அதற்குப் பிறகும் எழுதுவேன். போன கதைக்கு வாரத்தாள்காரர்கள் கொடுத்ததை எடுத்துக்கொண்டு நேற்று ரோஸ்கோ போனேன்.

விளக்கு வாங்கிவிட்டேன்.

உன் தங்கை,
அசெனோர்